ஒன்பதாவது காலாள்

நாலு பேர் கூடியிருந்து பழைய கதை கதைக்கும்போது நான் கேட்டுக்கொண்டிருக்கிறவள். உங்களுக்குத் தெரியும். போன மாதம் கோயில் மண்டபத்தில் இருந்தபோது உங்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "நீ மட்டும் ஒண்டும் சொல்லுறாயில்லை, சின்னனிலை விளையாடவே இல்லையோ?" என்று கேட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி போகவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. பிழை கண்டால் திருத்தி வாசியுங்கள்.

நான் விளையாடவில்லை. விளையாடுகிறவர்களுக்கு நடுவில் இருந்தேன். அவர்கள் விளையாடியதும் முழு விளையாட்டு இல்லை. செஸ் புதிர்.

தீவில், தலைமன்னாருக்குப் போகிற ரயில் பாதையை ஒட்டி எங்கள் வீடு. அந்த வருடம் எனக்குப் பத்து வயது. அதற்கு முந்திய வருடம் அப்பா கடலுக்குப் போனார். வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. பலகையில் ஓட்டைகள் இருந்தன. கடலில் யார் சுட்டார்கள் என்று கேட்க யாரிடமும் போக முடியாத காலம். வலை வைக்கிற கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. அந்தக் கொட்டிலில்தான் எல்லாம் நடந்தது.

மாமா, அம்மாவின் தம்பி, கொழும்பில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். கலவரத்தில் வேலையையும் அறையையும் விட்டுவிட்டு ஒரு பையோடு வந்து சேர்ந்தார். பைக்குள் இரண்டு சேட்டு, ஒரு சவரக் கத்தி, மரத்தால் செய்த செஸ் காய்கள், தடித்த மட்டைக் கொப்பி ஒன்று. "நகை நட்டை விட்டிட்டு இதையோ தூக்கிக்கொண்டு ஓடி வந்தனீ?" என்று அம்மா கேட்டாள். மாமா, "அக்கா, கையிலை பட்டதைத் தூக்கினனான்" என்றார். ஓடியதில் காய்கள் பாதி விழுந்துவிட்டன. வெள்ளைக் காலாளுக்குப் பதில் கடற்கரையில் பொறுக்கிய சோகிச் சிப்பி வைத்தோம். கறுப்புக் காலாளில் இரண்டு மரக்காய்தான் மிச்சம், மற்றவற்றுக்குப் புளியங்கொட்டை. பால்மா டின் ஒன்றில் அம்மா வறுக்க வைத்திருந்த கொட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டிருந்தார் மாமா. பலகை தேயிலைப் பெட்டியின் மூடி. கறுப்புக் கட்டங்களுக்கு வள்ளத்துக்குப் பூசுகிற தார். வெயில் ஏறினால் தார் இளகி, காய்கள் ஒட்டிக்கொள்ளும். குதிரையை எடுத்தால் பலகையும் சேர்ந்து எழும்பும்.

கொப்பியில் இங்கிலிஷ் பேப்பரிலிருந்து வெட்டிய புதிர்கள். செஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு ஆட்டத்தின் கடைசிப் பகுதியைக் கட்டம் போட்டு அச்சடித்திருப்பார்கள். வெள்ளை முதலில் ஆடவேண்டும். இத்தனை நகர்வுக்குள் கறுப்பு ராசாவுக்குப் போக்கிடம் இல்லாமல் பண்ணவேண்டும். முதல் நகர்வைக் கண்டுபிடித்தால் புதிர் முடிந்தது. விடை ஏழு நாள் கழித்து, அடுத்த கிழமைப் பேப்பரில் வரும். மாமா விடைகளையும் வெட்டித் தனியே ஒரு கடித உறைக்குள் வைத்திருந்தார்.

பின்னேரம் மூன்று மணிக்கு ஆட்கள் சேர்வார்கள். ஒருவர் தையல்கார நானா. சிலாவத்துறைக்காரர், எங்கள் சந்தியில் மெஷின் போட்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்க வருவார். இன்னொருவர் வேதக் கோயிலைத் திறந்து மணியடித்துத் திரி கொளுத்துகிற சங்கிலித்தாம். மூன்றாவது ஆள் மாமா. நாலாவது என் அக்கா.

அக்காவுக்குப் பதினேழு. பத்தாம் வகுப்புச் சோதனை எழுதிவிட்டு, பாசா பெயிலா என்ற மறுமொழிக்காக இருந்தாள். இருந்தாள் என்று எழுதுகிறேன், அவள் ஓரிடத்தில் இருந்ததில்லை. சாப்பிடும்போது எழும்பி வாசலுக்குப் போய் வருவாள். பின்னல் நுனியைக் கடிப்பாள். பலகைக்கு முன்னால் குந்தினால் வலது கால் பெருவிரல் மண்ணைக் கிண்டிக்கொண்டே இருக்கும். ஆம்பிளைகளோடு ஒரு குமர்ப்பிள்ளை என்று ஊரில் கதைத்தார்கள். அம்மா, "என்ரை வேலிக்குள்ளை, என்ரை தம்பி இருக்கிற இடத்திலை" என்று ஒரே சொல்லில் முடித்தாள்.

தொடக்கத்தில் ஒரே சண்டை. யாராவது விடையைக் கண்டதும் கத்திவிடுவார்கள். மற்றவர்களுக்குக் கோபம் வரும்.

"ராணியை வெட்டக் குடுக்கோணும்!" என்று நானா ஒருநாள் கத்த, சங்கிலித்தாம் துள்ளி எழும்பினார்.

"நானா, உங்கட வாயிலை ஒரு தையல் போடோணும். நான் கிட்டக் கிட்ட வந்திட்டன்!"

"நீங்க ஒரு கிழமையா கிட்டத்தானே வாறீங்க. நம்ம தலைமன்னார் ரயிலும் அப்பிடித்தான்."

அதற்குப் பிறகுதான் மாமா ஒரு வழக்கம் கொண்டுவந்தார். கண்டவர் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. என் காதுக்குள் சொல்லவேண்டும். விடைத்துண்டு என் சட்டைப் பைக்குள் இருக்கும். சரியென்றால் மேலும் கீழும், பிழையென்றால் இடமும் வலமும் நான் தலையாட்டவேண்டும். என்னை ஏன் பிடித்தார் என்றால், நான் வாய் திறக்காத பிள்ளை. ஏ-யிலிருந்து எச் வரை எட்டு எழுத்து, ஒன்றிலிருந்து எட்டு வரை இலக்கம். இதைச் சொல்லித் தந்தார். நான் படித்த இங்கிலிஷ் அவ்வளவுதான். சங்கிலித்தாம் எனக்கு "உண்டியல்" என்று பெயர் வைத்தார். போட்டால் வெளியே வராதாம்.

நானாவின் வாய் வெற்றிலை மணக்கும். சங்கிலித்தாம் சாம்பிராணி. அக்காவின் மூச்சு மட்டும் சூடாக, அவசரமாக வரும். சொல்லி முடிக்குமுன் என் தாடையைப் பிடித்துக்கொள்வாள். நான் எந்தப் பக்கம் ஆட்டப் போகிறேன் என்று கையால் முதலில் அறிந்துகொள்ள.

ஒருநாள் புதிரில் மூழ்கிப்போய் சங்கிலித்தாம் அந்தி மணியை மறந்துவிட்டார். நன்றாக இருட்டத் தொடங்கிய பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். பிந்தி மணி கேட்டதும், யாரோ செத்துவிட்டார்கள் என்று கரைவலை ஆட்கள் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பங்குச் சுவாமி கூப்பிட்டு விசாரித்தார். மறுநாள் சங்கிலித்தாம் வந்து குந்தியபடி, "பொய் சொல்லேல்லை. கறுப்பு ராசா செத்தவர் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை நான் கண்டது அதுதான் கடைசி.

கச்சான் காற்று தொடங்கியது. தென்மேற்கிலிருந்து இரவு பகல் என்று இல்லாமல் அடிக்கும் அந்தக் காற்றை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சோற்றுக்குள் மண். செபப் புத்தகத்துக்குள் மண். வாயை மூடியிருந்தாலும் பல்லுக்குள் மண் கடிபடும். பனையோலை நாள் முழுக்க அடித்துக்கொள்ளும் சத்தத்தில் ஆட்களுக்கு எரிச்சல் வரும், நாய்களும் காரணமில்லாமல் குரைக்கும். வள்ளங்கள் கரையில் கிடந்தன. றோட்டில் ஆமி ட்ரக் போகும். அது போன பிறகு சைக்கிளில் இயக்கப் பெடியள் போவார்கள். தோட்டவெளிப் பக்கம் இரண்டு வீட்டில் பிள்ளைகள் இயக்கத்துக்குப் போய்விட்டார்கள் என்று கதை வந்தது. அதில் ஒன்று பெண்பிள்ளை.

அக்காவோடு படித்த சிநேகிதி ஒருத்தி பின்வேலியில் வந்து நிற்கத் தொடங்கினாள். இரண்டு பேரும் குசுகுசுப்பார்கள். அம்மா கிட்டப் போனால் பேச்சு நின்றுவிடும்.

ஒரு காலை நான் குசினி மூலையில் மீன் செதில் தட்டிக்கொண்டிருந்தேன். நான் இருப்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை. அம்மா மாமாவிடம் சொன்னாள்:

"வள்ளக்காரச் சம்மாட்டியாரைக் கண்டு கதைச்சனான். பெரியவளை ராமேஸ்வரத்திலை இறக்கிவிடுறன் எண்டுறார். ஆனா காத்து விழோணுமாம். மூண்டு கிழமை செல்லும்."

"அப்ப மூண்டு கிழமை இருக்கட்டும்."

"இருப்பாளே? நீ அவளின்ரை கண்ணைப் பாக்கேல்லையோ? தேப்பனைப் பறிகுடுத்தாச்சு. இவளையும் குடுத்திட்டு நான் ஆரின்ரை வாசலிலை போய் நிக்கிறது? மூண்டு கிழமைக்கு எதாலை கட்டி வைக்கிறது?"

மாமா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, "கயிறு என்னட்டை இருக்கு" என்றார்.

அன்று மத்தியானம் கொட்டிலுக்குள் என்னைக் கூப்பிட்டார். கொப்பியில் ஒட்டாத புதிர்த்துண்டு ஒன்று கையில் இருந்தது. கறுப்பு மை அடைத்த பேனையை எடுத்து, கறுப்பு ராசாவுக்கு முன்னால் வெறுமையாக இருந்த கட்டத்தில் ஒரு காலாள் வரைந்தார். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வரைந்தார். ஊதிக் காயவைத்தார். விடைத்துண்டை என்னிடம் தந்தார். குதிரை, எஃப் ஆறு.

"இப்ப குதிரை அங்கை வந்தால் இந்தக் காலாள் வெட்டும். விளங்குதோ? இதுக்கு இனி விடை இல்லை. ஆர் என்ன சொன்னாலும் நீ இல்லை எண்டு தலையை ஆட்டு. அக்கா வீட்டிலை இருக்கோணும் எண்டு உனக்கும் ஆசைதானே?"

ஆசைதான். தலையாட்டினேன், மேலும் கீழும்.

மாமாவே காய்களை அடுக்கினார். மரக்காலாள் இரண்டு, மிச்சம் டின்னிலிருந்து கொட்டை. எத்தனை கொட்டை என்று யார் எண்ணினார்கள்? முழு செட் இருக்கிற வீட்டில் இந்தப் பிழை நடந்திருக்காது. எட்டுக் காலாள் வைத்ததும் பெட்டி வெறுமையாகியிருக்கும், கை ஒன்பதாவதைத் தேடியிருக்கும். எங்கள் டின்னில் புளியங்கொட்டை ஒருநாளும் தீர்ந்ததில்லை. கறுப்புக்கு ஏற்கெனவே அச்சில் எட்டுக் காலாளும் இருந்தன என்பதை வரைந்த மாமாவும் பார்க்கவில்லை, சுற்றியிருந்து மூளையைக் கசக்கியவர்களும் பார்க்கவில்லை.

முதல் இரண்டு நாள் சந்தோசமாக இருந்தது. நல்ல கடினமான புதிர் என்று எல்லாருக்கும் உற்சாகம். நானா வந்து வந்து என் காதுக்குள் சொல்லிவிட்டுப் போவார். நான் இடமும் வலமும். சங்கிலித்தாம் ஒரே நாளில் ஐந்து விடை சொன்னார். கடைசியில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

"அவர் காணாமல் போன சாமானைத்தானே தேடித் தாறவர்?" என்று நானா கேட்டார்.

"விடையும் காணாமல் போனதுதானே நானா."

"யா அல்லாஹ்! அவரையாவது நிம்மதியா இருக்க விடுங்க. இது சைத்தான் எழுதின புதிர், பேப்பர்க்காரன் இல்ல."

இரண்டாம் கிழமையில் இந்தப் பகிடிகள் குறைந்தன. நானா, ஒரு பெருநாள் சட்டைக்குக் கை மாறித் தைத்துவிட்டதாகச் சொல்லி இரண்டு நாள் வரவில்லை. சங்கிலித்தாம் நேரத்துக்கு மணியடித்தார். அக்கா மட்டும் விடியமுன் எழும்பிப் பலகைக்கு முன்னால் போய்க் குந்தினாள். காற்று காய்களைத் தள்ளாமல் இருக்க நாலு பக்கமும் பெட்டி வைத்து மறைத்திருந்தாள். வெயில் ஏற ஏற அங்கேயே இருப்பாள். திடீரென்று எழும்பி வேலிவரை போவாள், றோட்டைப் பார்ப்பாள், திரும்பி வருவாள். பெருவிரல் கிண்டிய இடம் குழியாகிவிட்டது. சாப்பாட்டை அளைந்துவிட்டு வைத்துவிடுவாள். சிநேகிதி முன்பு இரண்டு நாளைக்கு ஒருக்கால் வந்தவள், இப்போது நாளுக்கு இரண்டு தரம் வந்தாள்.

அம்மா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு மாமாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "பாரன், எழும்பாமல் இருக்கிறாள். நீ கெட்டிக்காரன்."

இரண்டு பேரும் நல்லவர்கள், பயந்தவர்கள். ஆனால் முன்பு அக்கா ஒரு புதிரை அவிழ்த்த நாளில் எப்படி இருந்தாள் என்று அவர்கள் கவனிக்கவில்லை. விடை கண்டால் அவளுடைய கால் ஆடாமல் நிற்கும். அன்றைக்கு இரண்டு தரம் சோறு கேட்பாள், என் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவாள், பாயில் விழுந்ததும் தூங்கிவிடுவாள். அடுத்த நாளைக்கு இன்னொரு புதிர் இருக்கிறது என்ற எண்ணம்தான் அவளை வீட்டில் வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு, விடை கிடைக்காத ஒன்றைக் கையில் கொடுத்தார்கள், அதுவும் வெளியே காற்று அப்படி அடிக்கிற காலத்தில். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது, அவள் தாடையைப் பிடிக்கிற பிடி நாளுக்கு நாள் இறுகுகிறது என்பது மட்டும்.

ஒருநாள் யாரும் இல்லாத நேரம் கேட்டாள். "பேப்பர்க்காரன் பிழை விட்டிருப்பானோ?"

இடமும் வலமும்.

"அப்ப நான் மடைச்சியோ?"

நான் குனிந்துகொண்டேன்.

"சரி, விடையைக் கேக்கேல்லை. இதுக்கு விடை எண்டு ஒண்டு இருக்கோ? அதையாவது சொல்லு."

என் பையில் விடைத்துண்டு இருந்தது. இருக்கிறது என்று தலையாட்டினேன். அது பொய்யில்லை என்று எனக்குள் சமாதானம் சொன்னேன். அதை நம்பித்தான் அவள் இன்னும் ஒரு கிழமை பலகையோடு கிடந்தாள்.

மூன்றாம் கிழமை சனிக்கிழமை. மத்தியானம். சொறி பிடித்த கழுதை ஒன்று கொட்டில் காலில் வந்து உரஞ்சியது. ஏற்கெனவே காற்றில் ஆடிக்கொண்டிருந்த ஓலைக் கிடுகு பிய்ந்து பலகைமேல் விழுந்தது. காற்று உள்ளே பூந்தது. புளியங்கொட்டை எல்லாம் கொட்டில் முழுக்கச் சிதறியது. "போ சனியன்!" என்று அக்கா கழுதையைத் துரத்திவிட்டு வந்து மண்ணுக்குள் கையால் அரித்தாள். நானும் அரித்தேன். மாமா சந்திக்குப் போயிருந்தார். அவர் வருமுன் அடுக்கி வைப்போம் என்று புதிர்த்துண்டைத் தொடையில் விரித்துக்கொண்டாள்.

"மரக்காலாள் ரெண்டு இருக்கு. எட்டுக்கு ஆறு கொட்டை வேணும். எண்ணித் தா."

ஆறு எண்ணிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக வைத்தாள். துண்டைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். கை வெறுமையாக இருந்தது, துண்டில் இன்னும் ஒரு காலாள் மிச்சம் இருந்தது.

"நீ ஐஞ்சு தந்தனீ."

பலகையில் எண்ணினாள். எட்டு இருந்தது. துண்டில் எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள், விரலை ஒவ்வொன்றிலும் ஊன்றி. ஒரு பக்கத்துக்கு எட்டுக் காலாளுக்கு மேல் உலகத்தில் எந்தப் பலகையிலும் இல்லை. அவளுடைய பெருவிரல் மண்ணில் அப்படியே நின்றது.

துண்டைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். பின்பக்கத்தைத் திருப்பினாள். பேப்பர் அச்சு பின்னால் ஊறாது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் பேனை மை ஊறிக் கறுப்பாகப் பரந்திருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். டின்னுக்குள் கைவிட்டு ஒன்பதாவது கொட்டையை எடுத்து, மாமா வைத்த இடத்தில் தானே வைத்தாள்.

மூன்று மணிக்கு எல்லாரும் வந்தார்கள். நானா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன மகள், இன்னைக்காவது இந்த ராசாவ அடக்கம் பண்ணலாமா?" என்றார்.

"பாப்பம் நானா" என்றாள் அக்கா. குரல் சாதாரணமாக இருந்தது.

கொஞ்ச நேரம் பலகையைப் பார்க்கிறமாதிரி இருந்தாள். பிறகு எழும்பி என் பக்கத்தில் வந்து முழங்காலில் இருந்தாள். இந்த முறை தாடையைப் பிடிக்கவில்லை. கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காதுக்குள் சொன்னாள்:

"மாமா வைச்ச காலாளை எடுத்துப்போடு. குதிரை, எஃப் ஆறு. இப்ப சொல்லு. சரியோ, பிழையோ?"

மூச்சு அவசரமில்லாமல் வந்தது. காற்றில் கிடுகு படபடவென்று அடித்தது. நான் நிமிர்ந்தேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அம்மா மீன் கழுவிய தண்ணியோடு நின்று என்னைப் பார்த்தாள். அவர்கள் முகத்தில் இருந்த பயம் எனக்கு வடிவாகத் தெரிந்தது. அக்காவுக்கு விடை தெரிந்துவிட்டது, எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அவள் கேட்டது விடையை இல்லை. இந்த வீட்டில் ஒரு ஆளாவது உண்மை சொல்லுமா என்றுதான் கேட்டாள். பத்து வயதில் அதை நான் இப்படி விளங்கவில்லை. சொன்னதைச் செய்யவேண்டும், செய்தால் அக்கா வீட்டில் இருப்பாள். அவ்வளவுதான் என் புத்தி.

இடமும் வலமும் ஆட்டினேன்.

அக்கா என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். "சரி" என்றாள் எல்லாருக்கும் கேட்க. "பிழையாம்."

"பரவாயில்ல மகள், நாளைக்கும் பொழுது விடியும்" என்றார் நானா. மாமா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஞாயிறு காலை முதல் பூசைக்கு அக்கா முன்னுக்குப் போகிறேன் என்று போனாள். நாங்கள் போனபோது கோயிலில் அவள் இல்லை. சிநேகிதியின் வீட்டுக்கு அம்மா ஓடினாள். அங்கே அந்தப் பிள்ளையின் தாய் ஏற்கெனவே வாசலில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாள்.

திரும்பி வந்த அம்மா என்னுடைய இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"நேத்து உன்ரை காதுக்குள்ளை என்ன சொன்னவள்? எங்கை போறன் எண்டு சொன்னவள்?"

"குதிரை" என்றேன்.

"என்னடி குதிரை! பிள்ளை போயிட்டாள், இவள் குதிரை எண்டுறாள்!" அம்மா அறைந்தாள். என்னை அவள் அடித்தது அதுதான் முதல்தடவை. நானா ஓடிவந்து குறுக்கே நின்று, "அடிக்காதீங்க தங்கச்சி, சின்னப் புள்ள" என்றார். சங்கிலித்தாம் என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், சிலுவையைக் காட்டி, "உண்டியல், ஆண்டவருக்கு முன்னாலையாவது சொல்லு பிள்ளை" என்றார். குதிரை என்றேன். காலாளைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் மாமா செய்தது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்று மாமாவுக்குத் தெரிந்துவிடும். அவர் சாப்பிடாமல் கிடந்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அக்கா திரும்பி வரவில்லை. அடம்பனில் கண்டோம் என்றார்கள், வவுனியாப் பக்கம் கண்டோம் என்றார்கள். பிறகு அப்படிச் சொல்லவும் ஆள் இல்லை. சண்டை முடிந்து காணாமல் போனவர்களைப் பதிந்தபோது நான் திரும்பி வந்து பதிந்தேன். கடைசியாகக் கண்டவர் யார் என்று கந்தோரில் கேட்டார்கள். நான் என்றேன். கடைசியாக என்ன சொன்னவர் என்று அவர்கள் கேட்கவில்லை.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடல் தாண்டிப் போய் அகதி முகாமில் இருந்த அத்தனை வருடமும், சமைக்கும்போது, தலை இழுத்துப் பின்னும்போது, காய்ச்சலில் கிடக்கும்போது. "இப்பவாவது சொல்லு பிள்ளை, உனக்கு மட்டும் சொல்லிப்போட்டுத்தானே போனவள்." அவளுக்கு வயதான பிறகு ஒருநாள் காலாள் கதையையும் சேர்த்துச் சொன்னேன். நம்பவில்லை. இடம் ஒன்றை நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்ற எண்ணத்தோடுதான் கண்ணை மூடினாள்.

மாமா கேட்டது ஒரே ஒரு தடவை.

அக்கா போய்ப் பத்து நாளைக்குப் பிறகு காற்று விழுந்தது. ஒரு பிள்ளை இயக்கத்துக்குப் போன வீடு என்று ஆமி விசாரிக்கத் தொடங்கியிருந்ததால், அம்மாவும் நானும் அதே சம்மாட்டியாரின் வள்ளத்தில் போவதென்று முடிவானது. மாமா வரவில்லை. அவள் வந்தால் வீட்டில் ஆள் வேண்டும் என்றார். பொழுது படுகிற நேரம். கடல் எண்ணெய் ஊற்றியமாதிரிக் கிடந்தது. இத்தனை நாள் காற்றைக் கேட்ட காதுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. அம்மாவை ஏற்றிவிட்டு, மாமா என்னைத் தூக்கிக்கொண்டு தண்ணிக்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணியில், வள்ளத்துக்குப் பத்தடி இருக்கும்போது நின்றார்.

"குதிரை எங்கை வருமெண்டு சொன்னவள்?"

"எஃப் ஆறு."

"அதிலை வந்தால் காலாள் வெட்டு..." என்று தொடங்கியவர் அந்தச் சொல்லோடு நின்றுவிட்டார். மாமா நல்ல ஆட்டக்காரர். அக்கா ஒருநாளும் சும்மா குதிரையை வெட்டக் கொடுக்கிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியும். அது பொய்க் காலாள் என்று அவள் கண்டுபிடித்துவிட்டதும் அப்போது விளங்கியிருக்கும்.

என்னை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நீ என்னெண்டு தலையாட்டினனீ?"

ஆட்டிக் காட்டினேன். இடமும் வலமும், இடமும் வலமும். நிறுத்த முடியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

மாமா என்னை நெஞ்சோடு அணைத்து, ஒரு கையால் என் தலையைப் பிடித்துத் தன் தோளில் அமத்தினார்.

"காணும்" என்றார். "காணும் பிள்ளை, போதும். இனி ஆட்டாதை."

வள்ளத்திலிருந்து சம்மாட்டியார் கெதியாய் வரச்சொல்லிக் கூப்பிட்டார். மாமா என் தலையிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.